கொரியப் பண்டிகைகளும் குடும்பப் படையல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்களில் ஒரு குடும்பமே தரையில் விழுந்து வணங்குவதையும், பெண்கள் வட்டமாக அமர்ந்து மாவில் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதையும், பழங்கள் அடுக்கிய நீண்ட மேசையின் முன்னால் ஒருவர் மதுவை ஊற்றுவதையும் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

கொரியர்களின் முதன்மையான பண்டிகைகள் எவை? அவற்றின் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

பெரும் பண்டிகைகள் இரண்டு. சந்திர நாட்காட்டியின் முதல் மாதம் முதல் நாளில் வருவது சொல்லால் என்னும் புத்தாண்டு. எட்டாம் மாத முழுநிலவன்று வருவது சூசோக் என்னும் அறுவடைத் திருநாள். தென்கொரியாவில் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்து மூன்று நாள் அரசு விடுமுறை உண்டு. நிலவைக் கொண்டு கணக்கிடுவதால் ஆங்கிலத் தேதி இடம்மாறுகிறது: 2025இல் சொல்லால் ஜனவரி 29இலும் சூசோக் அக்டோபர் 6இலும் வந்தன, 2026இல் அவை பிப்ரவரி 17, செப்டம்பர் 25. சொல்லால் பல ஆண்டுகளில் நம் தை அமாவாசையன்றோ அதை ஒட்டியோ வருவதும், இரண்டு நாள்களுமே முன்னோரை நினைக்கும் நாள்களாக இருப்பதும் நமக்கு வியப்பளிக்கலாம். 2025இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன.

இவற்றைத் தவிர முதல் மாத முழுநிலவான தேபோரும், குளிர்கால நீளிரவு நாளான தோங்ஜியிலிருந்து 105ஆம் நாளில் வரும் ஹான்ஷிக், ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளான தானோ ஆகியவையும் உண்டு. தோங்ஜியும் ஹான்ஷிக்கும் கதிரவனைக் கொண்டு கணக்கிடப்படுபவை. இவற்றுக்கெல்லாம் விடுமுறை கிடையாது; ஆனாலும் சொல்லாலும் தேபோருமும் ஓர் இணையாக, ஹான்ஷிக், தானோ, சூசோக், தோங்ஜி ஆகியவற்றோடு, 2023 டிசம்பரில் தென்கொரியாவின் தேசியத் தொட்டுணரா மரபுச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன.

சொல்லாலைச் 'சீனப் புத்தாண்டு' என்று சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பதே நல்லது. நாட்காட்டி முறை சீனாவிலிருந்து வந்தது உண்மைதான். உணவும் வழக்கங்களும் கொரியாவுக்கே உரியவை. அதைவிட முக்கியமான காரணம், இந்த நாளைத் தக்கவைத்துக்கொள்ளக் கொரியர்கள் பட்ட பாடு. 1910 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் ஜனவரி 1தான் முறையான புத்தாண்டு என்று வலியுறுத்தப்பட்டு, சந்திரப் புத்தாண்டு 'பழைய ஆண்டுப்பிறப்பு' என்று ஒதுக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகளும் இரண்டு புத்தாண்டுகள் வீண்செலவு என்று கருதி அதே போக்கைத் தொடர்ந்தன. மக்களோ விடுமுறை இல்லாத நாளிலும் ஊருக்குப் போய் வணங்கித் திரும்பினார்கள். 1985இல் 'நாட்டார் நாள்' என்ற ஒட்டாத பெயரில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. சொல்லால் என்ற பெயரும் மூன்று நாள் விடுமுறையும் 1989இல்தான் திரும்பின.

பெரியவர்களை விழுந்து வணங்கும் முறை என்ன?

சேபே என்பது அதன் பெயர். சொல்லால் காலையில் புத்தாடையோ ஹான்போக் என்னும் மரபுடையோ அணிந்து, வீட்டின் மூத்தவர்களில் தொடங்கி வரிசையாக வணங்குவார்கள். ஆண்கள் இடக்கையை வலக்கையின் மேலும், பெண்கள் வலக்கையை இடக்கையின் மேலும் வைத்துக்கொண்டு முழந்தாளிட்டுக் குனிய வேண்டும். உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு முறை மட்டுமே வணக்கம். இரண்டு முறை வணங்குவது இறந்தவர்களுக்கு உரியது. இதில் தவறினால் சிரிப்பும் எழும், சில வீடுகளில் கோபமும் எழும்.

வணங்கிய பின் பெரியவர்கள் 'தொக்தாம்' என்னும் வாழ்த்துமொழி கூறிப் பிள்ளைகளுக்குப் பணம் தருவார்கள். சிறியவர் வணங்கிவிட்டு வாழ்த்துக்காகக் காத்திருக்க வேண்டுமே தவிர, பெரியவர் வாய் திறப்பதற்குள் தானே வாழ்த்திவிடக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. 2009இல் 50,000 வோன் தாள் வெளிவந்த பிறகு, அதற்குக் குறைந்ததைக் கொடுக்கக் கூச்சப்படும் மாமாக்களின் புலம்பல் ஆண்டுதோறும் கேட்கிறது.

தொக்குக் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்கிறார்களே, அது என்ன?

'தொக்' என்பது அரிசி மாவை வேகவைத்து இடித்துச் செய்யும் பண்டம். 'குக்' என்றால் சூப். நம் தக்காளித் தொக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெருவிரல் தடிமனில் வெண்மையாக நீளும் தொக்கைச் சாய்வாகச் சீவி, மாட்டிறைச்சிச் சாற்றில் கொதிக்கவைத்து, முட்டைக் கீற்றும் கடற்பாசித் தூளும் தூவிப் பரிமாறுவார்கள். நீளம் நீண்ட ஆயுளையும், வெண்மை புதிய தொடக்கத்தையும், வட்டத் துண்டுகள் காசுகளையும் குறிக்கும் என்பது வழக்கமான விளக்கம். முற்காலத்தில் சாற்றுக்கு ஃபெசன்ட் என்னும் காட்டுப்பறவையைப் பயன்படுத்தினார்கள்; அது கிடைக்காதவர்கள் கோழியைப் போட்டார்கள். 'ஃபெசன்டுக்குப் பதில் கோழி' என்ற பழமொழியைக் கொரியர்கள் இதனோடு சேர்த்துச் சொல்வதுண்டு. வடபகுதியில் கொழுக்கட்டை போன்ற மந்துவைச் சூப்பில் சேர்ப்பார்கள். கேசோங் நகரத்தில் துண்டுகளைப் பட்டுக்கூடு போல நடுவில் ஒடுக்கி உருட்டுவார்கள்.

வயது விவகாரம் வெறும் வேடிக்கை அன்று. கொரிய மரபுக் கணக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது. பிறகு புத்தாண்டு பிறக்கையில் எல்லோருக்கும் ஒன்றாக ஒரு வயது கூடும். எனவே 'எத்தனை கிண்ணம் தொக்குக் சாப்பிட்டிருக்கிறாய்?' என்பது வயதைக் கேட்கும் ஒரு வழியாக இருந்தது. டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது என்ற இந்தக் கணக்கை விலக்கி, பிறந்தநாள் கணக்கையே பொது அளவாக்கிய சட்டம் 2023 ஜூன் 28இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பள்ளிச் சேர்க்கை, படைச்சேவை போன்ற சிலவற்றில் பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கும் முறை தொடர்கிறது. சமையலறையிலோ கிண்ணக் கணக்கை யாரும் விட்டுவிடவில்லை.

புத்தாண்டுக்கு முந்தைய இரவில் செருப்பை ஏன் ஒளித்துவைக்கிறார்கள்?

யாகுவாங்க்வி என்னும் பேய் அன்றிரவு வீடு வீடாக வந்து காலணிகளைப் போட்டுப் பார்க்கும். பொருந்துவதை எடுத்துக்கொண்டு போய்விடும். பறிகொடுத்தவருக்கு ஆண்டு முழுவதும் துன்பம். அதற்காகக் காலணிகளை உள்ளே வைத்துவிட்டுச் சல்லடை ஒன்றை வெளியே மாட்டுவார்கள். பேய் சல்லடைக் கண்களை எண்ணத் தொடங்கி, தப்பவிட்டு, மறுபடி எண்ணி, கோழி கூவும்வரை அங்கேயே நின்றுவிடுமாம். அன்றிரவு தூங்கினால் புருவம் நரைக்கும் என்றும் குழந்தைகளிடம் சொல்வார்கள். தூங்கிவிட்ட குழந்தையின் புருவத்தில் மாவைத் தடவிவைப்பதும் உண்டு.

முன்னோருக்கான படையல் மேசை எப்படி அமைகிறது?

சொல்லாலிலும் சூசோக்கிலும் காலையில் செய்யும் படையலுக்குச் சாரே என்று பெயர். ஒருவர் இறந்த திதியில் செய்வது ஜேசா. குடும்பத்தின் மூத்த மகன் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். அந்த வீட்டை அவர்கள் 'பெரிய வீடு' என்றே அழைக்கிறார்கள். தந்தையின் அண்ணனைப் 'பெரிய அப்பா' என்றும் தம்பியைச் 'சிறிய அப்பா' என்றும் கொரிய மொழியில் சொல்வதைக் கேட்கும் தமிழருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

மடிப்புத் திரையை நிறுத்தி, அதன் முன் முன்னோரின் பெயர்ச்சீட்டையோ படத்தையோ வைப்பார்கள். வீட்டின் வாசல் எந்தத் திசையில் இருந்தாலும், திரை நிற்கும் பக்கம்தான் சடங்கில் வடக்கு. அதிலிருந்து மற்றத் திசைகளைக் கணக்கிட்டு உணவை ஐந்து வரிசையாக அடுக்குவது பரவலான முறை: முன்னோருக்கு அருகில் சோறு அல்லது தொக்குக், மதுக்கிண்ணம், கரண்டி, அடுத்து சுட்டவையும் ஜோன் என்னும் எண்ணெயில் வாட்டியவையும், பிறகு சூப் வகைகள், பிறகு உலர்ந்த இறைச்சியும் கீரைகளும், கடைசியில், வணங்குபவருக்கு அருகில், பழங்கள். சிவந்தவை கிழக்கு, வெளுத்தவை மேற்கு. மீன் கிழக்கு, இறைச்சி மேற்கு என்று மனப்பாட வாய்பாடுகளும் உண்டு. பீச் பழம் வைக்கக் கூடாது. மிளகாய்த்தூளும் பூண்டும் கூடாது. இவை ஆவிகளை விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. மிளகாயும் பூண்டும் இல்லாத கொரியச் சமையலைச் சுவைக்க வேண்டுமென்றால் இதுவே தருணம்.

இந்த வாய்பாடுகளை அசைக்க முடியாத சாத்திரமாக எண்ண வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு முறை வேறு என்பதைக் குறிக்கவே கொரிய மொழியில் தனிச்சொல் இருக்கிறது. அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பவரை, 'பிறர் வீட்டுப் படையலில் சீமைப்பனிச்சையை இங்கே வை, பேரிக்காயை அங்கே வை என்கிறான்' என்று பழிக்கும் பழமொழியும் உண்டு.

வணக்கங்கள் முடிந்ததும் படைத்த மதுவையும் உணவையும் குடும்பத்தார் பகிர்ந்து உண்பார்கள். இதற்கு 'நல்வாழ்வைப் பருகுதல்' என்று பொருள்படும் பெயர். படையலைக் காக்கைக்கு வைத்துவிட்டு இலை போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் சமைப்பது யார்?

நேர்மையாகச் சொன்னால், மருமகள்கள். படையல் ஏற்பவர் கணவனுடைய முன்னோர். மேசை முன் நின்று வணங்குபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முந்தைய நாள் முழுவதும் தரையில் அமர்ந்து மீனையும் பூசணியையும் முட்டையில் தோய்த்து ஜோன் வாட்டுபவர்களோ வேறு குலத்தில் பிறந்து அந்த வீட்டுக்கு வந்த பெண்கள். திருமணமான பெண் தன் பிறந்தவீட்டுக்குப் போவது சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான். பண்டிகையை ஒட்டி வரும் முதுகுவலி, செரிமானக் கோளாறு, மனச்சோர்வு எல்லாவற்றையும் சேர்த்துக் கொரியர்கள் 'பண்டிகை நோய்' என்கிறார்கள். பண்டிகைக்குப் பின் மணவிலக்கு வழக்குகள் கூடுவது பற்றி நாளிதழ்கள் எழுதுவதும் வாடிக்கை.

2022 செப்டம்பரில் கன்பூசிய மரபின் தலைமை நிறுவனமான சொங்க்யுங்க்வான் எளிய படையல் முறை ஒன்றை வெளியிட்டது. சூசோக் மேசைக்குச் சோங்பியோன் என்னும் பூரண அரிசிப் பண்டம், கீரை, சுட்ட இறைச்சி, கிம்சி, பழங்கள், மது ஆகியவை போதும். எண்ணெயில் பொரித்ததும் வாட்டியதும் கட்டாயமல்ல. சிவப்பு, வெள்ளை என்று பழத்தை அடுக்கும் வாய்பாட்டுக்குப் பழைய நூல்களில் ஆதாரமில்லை என்று அது அறிவித்தது. சிக்கனத்தையே சிறப்பித்த மரபின் பெயரால் இத்தனை ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர்கள், இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது. இன்று பலர் படையலைக் கடையில் வாங்குகிறார்கள்; சிலர் சடங்கை விட்டுவிட்டுப் பயணம் போகிறார்கள்.

கிறித்தவர்களும் படையல் செய்கிறார்களா?

புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் பெரும்பாலும் விழுந்து வணங்குவதைத் தவிர்த்து நினைவு வழிபாடு நடத்துகின்றன. கத்தோலிக்கர்களின் வரலாறு வலி மிகுந்தது: தாயின் மறைவுக்குப் படையல் செய்ய மறுத்து முன்னோர் பெயர்ப்பலகைகளை எரித்த யுன் ஜி-சுங் 1791இல் கொல்லப்பட்டார். முன்னோர் வணக்கம் சமூக மரியாதையே என்று ரோம் ஏற்று இசைவளித்தது 1939இல்.

சூசோக் எவ்வளவு பழைமையானது? சோங்பியோன் ஏன் பிறை வடிவில் இருக்கிறது?

1145இல் கிம் பு-ஷிக் தொகுத்த 'சாம்குக் சாகி' என்னும் வரலாற்று நூல், பழங்கொரிய நாடுகளில் ஒன்றான ஷில்லாவின் யூரி மன்னர் காலத்தில், கி.பி. 32 அளவில், தலைநகர்ப் பெண்கள் இரு அணிகளாகப் பிரிந்து ஒரு மாதம் நெசவுப் போட்டி நடத்தியதைக் கூறுகிறது. இரு இளவரசியர் அணிகளுக்குத் தலைமை தாங்கினர். எட்டாம் மாத முழுநிலவன்று அளவு பார்த்து, தோற்ற அணி மதுவும் உணவும் படைக்க, பாட்டும் கூத்தும் நடந்தன. 'கபே' என்ற அந்த விழாப் பெயரையே சூசோக்கின் மறுபெயரான ஹாங்காவியோடு இணைக்கிறார்கள். 'கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், ஹாங்காவி போலவே இருக்கட்டும்' என்பது அந்நாளின் வாழ்த்து. விளைந்தது களத்துக்கு வந்த வேளையில் உழவன் வேறெதைக் கேட்பான்?

சோங்பியோன் புதிய அரிசி மாவில், எள்ளும் தேனும், பச்சைப் பயறு, மொச்சை, செஸ்ட்நட் போன்றவற்றைப் பூரணமாக வைத்து மடித்து, பைன் ஊசியிலைகளின் மீது ஆவியில் வேகவைப்பது. 'சோங்' என்றால் பைன். இலை மாவை ஒட்டாமல் காத்து மணமும் ஏற்றுகிறது. நம் பூரணக் கொழுக்கட்டைக்கு நெருங்கிய உறவு. தேங்காயும் வெல்லமும் மட்டும் இல்லை. பிறை வடிவத்துக்கு ஒரு கதை சொல்வார்கள்: இன்னொரு பழங்கொரிய நாடான பெக்ஜேயின் உய்ஜா மன்னர் காலத்தில் மண்ணிலிருந்து கிடைத்த ஆமையின் முதுகில் 'பெக்ஜே முழுநிலவு, ஷில்லா பிறை' என்று எழுதியிருந்தது, முழுநிலவு தேயும், பிறை வளரும் என்று உண்மையைச் சொன்னவரை மன்னர் கொன்றார், 660இல் பெக்ஜே வீழ்ந்தது. ஆமைக் கதை சாம்குக் சாகியில் உள்ளது. அதைக் கொழுக்கட்டையோடு முடிச்சுப் போட்டது பிற்காலத்தவரின் சுவையான கற்பனை என்றே எனக்குத் தோன்றுகிறது. அழகாகச் சோங்பியோன் பிடிப்பவருக்கு நல்ல துணை அமையும், அழகான மகள் பிறப்பாள் என்ற பேச்சும் இன்றுவரை ஓயவில்லை.

தலைநகர் சோல் பகுதியில் இந்நாளில் சேப்பங்கிழங்குச் சூப்பும் உண்டு. தென்மேற்குக் கடலோரமான ஹேனாம், ஜிந்தோ பகுதிகளில் பெண்கள் நிலவொளியில் கைகோத்துச் சுற்றும் கங்கங்சுல்லே ஆட்டம் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கல்லறைக்குப் போவது எப்போது?

சூசோக்குக்குச் சில வாரங்கள் முன்பே ஆண்கள் ஊருக்குப் போய், மண்மேடாக இருக்கும் முன்னோர் கல்லறைகளில் கோடை முழுவதும் வளர்ந்த புல்லை வெட்டுவார்கள். குளவிக் கொட்டும் புல்வெட்டிக் காயங்களும் அந்தப் பருவத்தின் வழக்கமான செய்திகள். பண்டிகையன்று குடும்பத்தோடு மீண்டும் போய் மது ஊற்றி வணங்குவார்கள். தகனம் பெருகிவிட்டதால் இப்போது பலர் போவது அஸ்தி மாடங்களுக்கு. ஊர்ப் பயணத்தின் நெரிசலைத் தொடர்களில் பார்த்திருப்பீர்கள். 2017 சூசோக் முதல் பண்டிகை நாள்களில் நெடுஞ்சாலைக் கட்டணம் விலக்கப்படுகிறது.

தேபோரும் அன்று கொட்டைகளைப் பல்லால் உடைப்பது எதற்கு?

அன்று விடிந்ததும் வேர்க்கடலை, அக்ரூட், செஸ்ட்நட் போன்றவற்றைக் கடித்து உடைத்தால் ஆண்டு முழுவதும் கட்டி, கொப்புளம் வராது என்பது நம்பிக்கை. அக்கொட்டைகளுக்கும் கட்டிக்கும் 'பூரோம்' என்ற ஒரே சொல். காலையில் சூடாக்காத மதுவை ஒரு வாய் பருகினால் காது தெளிந்து நல்ல செய்தியே கேட்கும் என்பார்கள். ஐந்து தானியச் சோறும், கோடையிலும் இலையுதிர்காலத்திலும் உலர்த்தி வைத்த கீரைகளும் அன்றைய உணவு. குழந்தைகளுக்குப் பிடித்தது 'வெக்கை விற்றல்': கதிரவன் எழுமுன் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர் 'என்ன?' என்றால், 'என் வெக்கையை வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட வேண்டும். வரும் கோடை அவருக்குத்தான். விவரம் தெரிந்தவர் அன்று காலை யார் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டார்.

பேரீச்சை போன்ற இலந்தைப் பழமும் செஸ்ட்நட்டும் தேனும் சேர்த்த பசையரிசிச் சோறான யாக்பாப் இந்த நாளுக்கு வந்த கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் துறவி இர்யோன் தொகுத்த 'சாம்குக் யூசா' கூறுகிறது. 488இல் ஷில்லாவின் சோஜி மன்னர் வெளியே சென்றபோது, காக்கையைப் பின்தொடரச் சொல்லி எலி ஒன்று பேசியது. அவ்வழியே குளத்திலிருந்து எழுந்த முதியவர் ஒரு கடிதம் தந்தார்: 'திறந்தால் இருவர் இறப்பர், திறக்காவிட்டால் ஒருவர்.' அந்த ஒருவர் மன்னரே என்று அரண்மனைச் சோதிடர் எச்சரிக்கத் திறந்தார்கள். யாழ்ப்பெட்டியை எய்யுமாறு எழுதியிருந்தது. எய்தபோது உள்ளே அரண்மனைத் துறவியும் அந்தப்புரப் பெண்ணும் இருந்தார்கள். அன்று முதல் காக்கைக்குப் பசையரிசிச் சோறு படைக்கும் வழக்கம் வந்ததாம்.

தானோ நாளில் தலைக்கு என்ன தேய்த்துக் குளிக்கிறார்கள்?

சாங்போ என்னும் நீர்ச்செடியைக் கொதிக்கவைத்த நீரால் பெண்கள் தலை அலசுவார்கள். அது நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைக்கும் வசம்பின் இனமே. ஊஞ்சலும், ஆண்களின் மல்யுத்தமான ஷிரூமும், வண்டிச்சக்கர முத்திரை குத்திய கீரைத் தொக்கும், வெயில் வருமுன் விசிறி பரிசளிப்பதும் அந்நாளுக்கு உரியவை. ஷிரூமை 2018இல் வட, தென் கொரியாக்கள் கூட்டாக யுனெஸ்கோவில் பதிவுசெய்தன. அவ்வாறு சேர்ந்து பதிந்தது அதுவே முதன்முறை.

தோங்ஜி நாளில் சிவப்புக் கஞ்சி எதற்கு?

நீண்ட இரவில் நடமாடும் தீயவற்றைச் சிவப்பு விரட்டும் என்பதற்காகச் சிவப்புக் காராமணி போன்ற பயறில் காய்ச்சும் பாத்ஜுக்கை முதலில் வாசலிலும் சுவரிலும் தெளிப்பார்கள், பிறகு உண்பார்கள். அதில் மிதக்கும் அரிசி உருண்டைகளுக்குப் 'பறவை முட்டை' என்று பெயர். தோங்ஜி பதினொன்றாம் மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குள் வந்தால் குழந்தைகளுக்கு ஆகாது என்று கஞ்சியை விட்டுவிட்டுப் பயறு தூவிய தொக் செய்வார்கள்.

நான்கு குச்சிகளை எறிந்து ஆடுவது என்ன ஆட்டம்?

அது யூட். நம் தாயம் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். ஒரு பக்கம் தட்டையான நான்கு குச்சிகளில் எத்தனை தட்டைப்பக்கம் மேலே விழுகிறதோ அத்தனை கட்டம் நகரலாம். ஒன்றுமே விழாவிட்டால் ஐந்து. பன்றி, நாய், ஆடு, மாடு, குதிரை என்று ஐந்து எண்களுக்கும் விலங்குகளின் வேகத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள். நான்கோ ஐந்தோ விழுந்தாலும், எதிரியின் காயை வெட்டினாலும் மறுபடி எறியலாம்.

சைவ உணவு உண்பவர் பண்டிகை விருந்துக்கு அழைக்கப்பட்டால்?

தொக்குக்கின் சாறு இறைச்சியிலோ நெத்திலியிலோ எடுத்தது. கிம்சியில் மீன், இறால் ஊறல் சேரும். கீரையில்கூட மீன்சாறு இருக்கலாம். சோங்பியோன், யாக்பாப், பாத்ஜுக், இனிப்பு அரிசிப் பானமான ஷிக்யே ஆகியவற்றை அச்சமின்றி உண்ணலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் பேரிக்காயோ ஆப்பிளோ ஒரு பெட்டி கொண்டுபோவது போதும். அலுவலகங்கள் தரும் பண்டிகைப் பெட்டியில் சமையல் எண்ணெயும், டின்னில் அடைத்த ஸ்பாம் இறைச்சியும் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைகளோடு பரவிய அந்த டின்னுக்கு அங்கே தனி மதிப்பு.

ஊர் வடகொரியாவில் இருப்பவர்கள் பண்டிகைக்கு எங்கே போகிறார்கள்?

1950 முதல் 1953 வரை நடந்த போரில் தெற்கே வந்து திரும்ப முடியாமல் போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சொல்லாலிலும் சூசோக்கிலும் எல்லைக்கு அருகே, பாஜு நகரின் இம்ஜின்காக் என்னும் இடத்தில் கூடுகிறார்கள். அங்கே 1985இல் அமைத்த மாங்பேதான் என்னும் பலிபீடத்தின் முன் பழமும் மீனும் மதுவும் வைத்து வணங்குவார்கள். மற்ற வீடுகளில் திரை நிற்கும் பக்கத்தை வடக்கு என்று பாவித்துக்கொள்கிறார்கள். இங்கே வணங்கும் திசை மெய்யாகவே வடக்கு.